உலோபியின் காது

ஓவேர்ன் மலைச்சரிவில் ஒரு சிற்றாலயம்.
பீடத்துக்குக் கீழே நிலவறை.
அங்கே மூன்றாம் தூணின் தலையில் அவன்:
கழுத்தை இழுக்கும் பணப்பை,
ஆளுக்கொரு பிடி மயிரைப் பற்றிய இரு பிசாசுகள்,
நெஞ்சில் ஒரு தேரை.
எண்ணூறு வருட மெழுகுதிரிப் புகை குடித்து
எல்லாமே ஒரே கறுப்பு.

பலகையில் மல்லாந்து படுத்து
பஞ்சை வாயில் நனைத்துத் துடைக்கிறேன்.
புட்டியில் வரும் எதைவிடவும் எச்சில் நல்லது,
எங்கள் தொழிலில் இது ரகசியம் இல்லை.
எச்சில் கையால் காக்கை ஓட்டாதவன்
என் எச்சிலில்
மூக்கு, மேலுதடு, மோவாய் என்று
தவணை முறையில் வெளுக்கிறான்.

பைக்கயிற்றின் முடிச்சில்
நொய்யரிசி அளவு மஞ்சள்.
ஒரு காலத்தில் வண்ணம் பூசியிருந்தார்கள்.
ஏழு தலையான பாவங்களில்
இவனுக்கு விழுந்தது மஞ்சள்.

தேரையைப் பற்றி
பழைய விலங்கு ஏடுகளில் ஒரு கதை உண்டு.
மண்தான் அதற்கு உணவாம்.
ஆனால் வயிறாரத் தின்னாதாம்,
ஒரு கைப்பிடி, அவ்வளவுதான்:
பூமி தீர்ந்துவிட்டால்?
கல்லுக்குள் தேரைக்கும் படியளப்பவன் உண்டென்று
யாரும் அதனிடம் சொல்லவில்லை போலும்.
சொல்லியிருந்தாலும்
எத்தனை படி என்று கேட்டிருக்கும்.

இரண்டாம் வாரம் பையின் அடியில் ஒரு வெடிப்பு.
பல் வைத்தியரின் கொக்கியை விட்டு நெம்பினேன்.
நடுவில் துளையிட்ட துத்தநாகக் காசு, போர்க்காலத்தது.
அதன் பின்னால் இன்னொன்று.
முகம் தேய்ந்த ஏதோ ஓர் அரசன்.
ஒரு சட்டைப் பித்தான்.
போன வருடத்து ஒரு சென்ட்.

விளக்கைப் பிடித்திருந்த கோயிற்பிள்ளை ஷாசான்
கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார்:
சந்தையில் காளை விற்ற அன்று
இங்கே இறங்கி ஒரு காசு சொருகுவார்கள்.
மாதாவுக்கு ஏற்றும் திரி கணக்கு வேறு, இது வேறு.
இவன் பங்கை இவனுக்குக் கொடுத்துவிட்டால்
வீடு வரை பின்னால் வரமாட்டானாம்.
'நீங்களும் போட்டதுண்டா?'
விளக்கு ஒரு முறை ஆடியது.
'பித்தான் என்னுடையது.'

எனக்கு மணிக் கணக்கில் கூலி.
மூக்குக்கு ஒரு காலை.
பிசாசுகள் இரண்டும் சேர்ந்து ஒரு வாரம்.
இடது காதுக்கு நான்கு நாள்.
மூன்றாம் நாள் மாலையே
காதுமடல் பால்வெள்ளை.
நான்காம் நாளும் போனேன்.
இல்லாத புகையை
இல்லாத அழுக்கிலிருந்து பிரித்தேன்.
தாளில் எழுதினேன்: ஏழரை மணி நேரம்.
பஞ்சு சுற்றிச் சுற்றி உரசிய ஓசை
எனக்கும் அவனுக்கும் மட்டும்.

காசுகளை நகராட்சியில் ஒப்படைத்தேன்.
முப்பத்தொன்பது.
மதாம் வெசியே இரண்டு தரம் எண்ணினாள்,
பித்தானுக்குத் தனி வரி போட்டாள்,
என்னிடம் கையெழுத்து வாங்கினாள்.
அதில் ஒரு குறையும் இல்லை.

கடைசி மாலை.
பஞ்சுகளைப் பையில் கட்டியாயிற்று.
ஷாசான் விளக்கோடு மேலே போய்விட்டார்.
படியில் கால் வைத்தவள் திரும்பினேன்.
காலிப் பையோடு அவனை விட்டுப்போக
ஏனோ மனம் வரவில்லை.
சட்டைப்பையில்
இரண்டு யூரோ ஒன்று, பத்து சென்ட் ஒன்று.
இருட்டில் விரல்கள்
விளிம்புகளைத் தடவிப் பார்த்தன,
என்னை ஒரு வார்த்தை கேட்காமல்
சின்னதை எடுத்தன.

கல்லில் அது விழுந்த சத்தம்
அவனுக்குத் தெளிவாகவே கேட்டிருக்கும்.
காது
அவ்வளவு சுத்தம்.